ரோஜா ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவாள்

ரோஜாவுக்குக் கை வேகம். சரவெடி பின்னும் அறையில் அன்றன்றைக்குக் கொடுக்கிற வெடியை மதியம் பன்னிரண்டே முக்காலுக்குள் பின்னி முடித்துவிடுவாள். வேகமாகச் செய்கிறவர்கள் வேலையில் கோணல்மாணல் இருக்கும். இவள் பின்னிய சரத்தைத் தூக்கிப் பிடித்தால் வெடிகள் சீப்பின் பல் மாதிரி வரிசையாக நிற்கும். எதிரே உட்கார்ந்து பின்னுகிற மாடத்தி, "இவளுக்கு ரெண்டு கையா, நாலு கையா? ஒரு நாளைக்கு எண்ணிப் பாக்கணும்டி" என்பாள்.

முடித்து என்ன பயன்? வேன் சாயந்தரம் ஐந்தரைக்குத்தான்.

ஆமத்தூருக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர்கள் தெரு. கம்பெனி அங்கிருந்து சிவகாசிப் பக்கமாக ஏழரை கிலோமீட்டர். அந்தப் பாதையில் பஸ் கிடையாது. காலையில் ஆறு பத்துக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். இன்னும் மூன்று ஊர் சுற்றி, இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, ஏழு இருபதுக்குக் கம்பெனி கேட்டில் இறக்கும். வேனுக்குக் காசு கிடையாது. கம்பெனியில் இதை அடிக்கடி நினைவுபடுத்துவார்கள்.

சரம் பின்னுவது எண்ணிக்கைக் கூலி. பின்னி முடித்தால் அன்றைய வேலை முடிந்தது. ஆனால் வீட்டுக்குப் போக வழியில்லாமல் வேப்பமரத்தடியில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தால் போர்மேன் சண்முகவேலுக்குப் பொறுக்காது. "சும்மாதானே இருக்கீக, இந்த லேபிள ஒட்டிப் போடுங்க" என்பார். லேபிள் முடிந்தால் காகிதக் குப்பையைக் கூட்டச் சொல்வார். அதற்குக் கூலி இல்லை. ஒரு டீ, ஒரு பன். சீசன் நெருங்கிவிட்டால் லேபிளோடு நிறுத்தமாட்டார். மெதுவாகப் பின்னுகிறவர்களின் அறைக்குள் கொண்டுபோய்க் கைகொடுக்க உட்கார வைப்பார். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். மதியத்துக்கு மேல் அந்த எழுத்தை யாரும் படிப்பதில்லை.

வேனை ஓட்டுகிறவர் ரோஜாவின் அண்ணன் சங்கிலிமுத்து. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். காலையில் பழைய தினசரித் தாளை நனைத்து வேன் கண்ணாடியைத் துடைக்காமல் சாவியைத் தொடமாட்டார். பெண்களை இறக்கிவிட்டதும் வேன் சும்மா நிற்காது. சிவகாசி அச்சாபீஸ்களுக்குப் போய்க் காலி அட்டைப்பெட்டிக் கட்டுகளைக் கூரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நடை, சீசனில் மூன்று.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு என்று பள்ளிக்கூடம் போயிருந்த ரோஜாவின் மகள் ஸ்ரீமதிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. டீச்சர் பதினொன்றே முக்காலுக்கு ரோஜாவின் செல்லுக்கு அடித்திருக்கிறார். பட்டாசுக் கம்பெனியில் செல்லை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் வாட்ச்மேன் அறையில் ஒரு மஞ்சப்பையில் எல்லோருடைய செல்லும் கிடக்கும். நாலு தடவை அடித்த பிறகு வாட்ச்மேன் எடுத்துப் பேசி, போர்மேனிடம் சொல்லி, போர்மேன் வேறு வேலையாகப் போய்த் திரும்பி, ரோஜாவிடம் சொல்லும்போது மணி மூன்று. அவள் அப்போது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். தன் வேலையை முடித்து இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சலாம்மா. பதறாத. அஞ்சரைக்கு வேன் வந்துரும்ல" என்றார் சண்முகவேல்.

ரோஜா பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேட்டுக்குப் போய்ச் செல்லை வாங்கி அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் சிவகாசியில் பெட்டிக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். கணவர் முத்துக்கருப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது. நடந்தாள். பாதி தூரத்தில் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது நாலே முக்கால். பிள்ளை பெஞ்சில் சுருண்டு கிடந்தது. டீச்சர் தன் முந்தானையை மடித்துத் தலைக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரோஜா பிறகு சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே சுவரோரம் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அண்ணன் மகன் அன்பரசனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. நாலு மாதம் ஓட்டினான். பிறகு பஸ், பிறகு கல்லூரி, இப்போது மோட்டார் பைக். சைக்கிளில் கோழி அடைந்தது. ஹேண்டில்பாரில் வெங்காயச் சாக்கு தொங்கியது. டயர் இரண்டும் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் போன ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் சீட்டுக்குக் கீழே காய்ந்து ஒட்டியிருந்தன. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று உண்டு. யாரும் ஏறுவதில்லை, யாரும் எடைக்குப் போடுவதுமில்லை. வருசத்துக்கு ஒரு நாள் சந்தனம் மட்டும் கிடைக்கும்.

"அத எதுக்குப் புள்ள எடுக்க?" என்றார் சங்கிலிமுத்து.

"ஓட்டத்தான்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? வேன் இருக்கு, நான் இருக்கேன்."

"நீ இருக்கேண்ணே. நேத்து மூணு மணிக்கு எங்கன இருந்தே?"

அவர் போய் வெங்காயச் சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

ஆமத்தூர் விலக்கில் பிரபாகரன் என்று ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் அங்கே வாங்கினாள். மாட்டக் கூலி கேட்டதற்கு, "நான் பாத்துக்கிடுதேன், நீங்க சொல்லிக் குடுங்க போதும்" என்றாள். சரம் பின்னுகிற கைக்கு நட்டும் போல்ட்டும் ஒரு பொருட்டில்லை. ரிம்மில் கோட்டம் எடுப்பதற்கு மட்டும் மூன்று சாயங்காலம் பிடித்தது. கம்பியை ஒரு பக்கம் முறுக்கினால் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். பிரபாகரன், "விடும்மா, நான் எடுத்துத் தாரேன்" என்றார். "நாளைக்கு நடுரோட்டுல கோட்டம் விழுந்தா நீங்களா வருவீக?" என்று கேட்டுவிட்டு விடாமல் உட்கார்ந்து எடுத்தாள். செயினைக் கழுவ டீசல் வேண்டியிருந்தது.

"வண்டில டீசல் குறையுதே" என்றார் அண்ணன்.

"வண்டி பழசாச்சுல்ல. குடிக்கும்."

அவர் வண்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது அவருக்கு முள்ளைப் பார்க்காமலே தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் நாள் அவள் ஆறு மணிக்குக் கிளம்பினாள். பாதி வழியில் வேன் பின்னால் வந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன.

"ஏ ரோசா, பிளஸ் ஒன்னு சேந்திட்டியா?"

"ரெட்டைச் சடை போடலயா புள்ள?"

"மிதி, மிதி. தீவாளிக்குள்ள போய்ச் சேந்துரலாம்."

எல்லாவற்றுக்கும் மேலே மாடத்தியின் சத்தம் கேட்டது. சங்கிலிமுத்து ஹாரன் அடிக்கவில்லை. தங்கச்சி மேல் புழுதி படாதபடி வேனை ரோட்டின் அந்த ஓரத்துக்கு ஒதுக்கி, மெதுவாகக் கடந்து போனார். வேன் மூன்று ஊர் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது ரோஜா அங்கே வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மாடத்தி இறங்கி வந்து சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு ரோஜா செல்லை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். சண்முகவேல் சிரித்தார். "எத்தனை நாளைக்குன்னு பாப்போம்" என்றார்.

ஒரு வாரம் பார்த்தார். இரண்டு வாரம் பார்த்தார்.

மூன்றாவது வாரம் மாடத்தி ரோஜா வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஐம்பத்தோரு வயது. புருசன் போன பிறகு இரண்டு ஆடு வைத்திருந்தாள். அவற்றை மேய்க்க ஆள் இல்லாமல், பகலெல்லாம் கட்டிப்போட்டு, இருட்டியதும் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"ஓட்டத் தெரியுமாக்கா?"

"நீ என்ன வயித்துல இருக்கும்போதேவா ஓட்டுன? சொல்லிக் குடுடி."

ஆமத்தூரில் ஒரு வாத்தியார் வீட்டில் மகள் சென்னைக்குப் போனபின் ஒரு லேடீஸ் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. ரோஜா போய் நேராகக் கேட்டாள். அவர்களும் எப்போது இடம் காலியாகும் என்று இருந்தவர்கள்தான். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் மாடத்திக்குப் பழக்கினாள். தினமும் சாயந்தரம் கரையில் ஊரே கூடிவிடும். மாடத்தி விழுவாள், சேலையைத் தட்டிக்கொண்டு எழுவாள், கரையைப் பார்த்து, "டிக்கெட் வாங்கினீகளாலே எல்லாரும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஏறுவாள். பன்னிரண்டாம் நாள் விழாமல் கண்மாயைச் சுற்றி வந்தாள். இறங்கத் தெரியாமல் இன்னொரு சுற்றும் வந்தாள்.

அதற்குப் பிறகு ஆறு பெண்கள் கேட்டார்கள். ஆறு சைக்கிளுக்கு ரோஜா எங்கே போவாள்? கல்யாணத்துக்கு முன்னால் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலை பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த அச்சாபீஸ் குடோனில், பேப்பர் ரீல்களுக்குப் பின்னால், வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் ஒவ்வொரு காலத்தில் ஓட்டிக் கழித்த சைக்கிள்கள் நின்றன. ஞாயிற்றுக்கிழமை போனாள். முதலாளி வீட்டு அம்மா சுப்புலட்சுமி அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"தகரம் அடிக்க வந்த ரோஜாதானே நீ? மெலிஞ்சு போயிட்டியே. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. குடோன்ல கிடக்கிற சைக்கிள் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். வேண்டாம் என்றார். அன்றைக்குத் தர முடியாது, அமாவாசை, மறுவாரம் எடுத்துக்கொள் என்றார். பிறகு, "ரொம்பக் கஷ்டப்படுற ஏழைகளாப் பாத்துக் குடும்மா" என்றார்.

"ஏழைன்னு பாத்துக் குடுக்கலம்மா. ஓட்டத் தெரிஞ்சவளாப் பாத்துத்தான் குடுக்கேன்."

மறுவாரம் பிரபாகரனிடம் ஸ்பேனர்ப் பையை இரவல் வாங்கிக்கொண்டு போய், குடோன் வாசலில் எட்டு சைக்கிளையும் வெளியே உருட்டி, ஒவ்வொன்றாகத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஒன்றில் ஃபிரேம் விரிசல். இன்னொன்று சின்னப்பிள்ளை ஓட்டுவது.

"குடுக்கிறத வாங்கிக்கிடாமப் பொறுக்கி எடுக்கியே" என்றார் சுப்புலட்சுமி. அவருக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

"விரிசல் விட்டது ஏழு கிலோமீட்டர் தாங்காதும்மா. பாதி வழியில ஒடிஞ்சா விழுறவ எங்க தெருக்காரி. உங்களுக்கு வேண்டாதது எங்களுக்கு வேணும். ஒடிஞ்சது யாருக்கும் வேண்டாம்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே உட்கார்ந்து ஆறையும் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தாள். மூன்றாவது வாரம் ஆறு பெண்களும் வந்தார்கள். சுப்புலட்சுமியின் மகன் மகேஷ்குமார் ஒரு பேனர் அடித்து வைத்திருந்தார். அச்சாபீஸ் வீடு, பேனருக்கு என்ன பஞ்சம்? 'ஏழைப் பெண்களுக்கு இலவச மிதிவண்டி வழங்கும் விழா' என்று போட்டிருந்தது. பேனருக்கு முன்னால் ஆறு பேரும் வரிசையாக நின்று, ஆளுக்கொரு ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, கும்பிட வேண்டும் என்றார்.

"ஹேண்டிலையும் பிடிக்கணும், கும்பிடவும் செய்யணும்னா இன்னும் ரெண்டு கை வேணுமே தம்பி" என்றாள் ரோஜா. "போட்டோ எடுங்க, வேண்டாங்கல. சைக்கிள் குடுத்திருக்கீக, நல்ல காரியம். ஆனா நாங்க நிக்க மாட்டோம். ஓட்டிக்கிட்டுப் போவோம். போகும்போது எடுத்துக்கோங்க."

அப்படியே போனார்கள். மகேஷ்குமார் நல்ல மனுசன்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை பின்னால் ஓடி வந்தார். படத்தில் ஆறு முதுகுகளும் ஒரு நாயும் விழுந்திருந்தன.

இப்போது ரோஜாவையும் மாடத்தியையும் சேர்த்து எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாடத்தியின் ஆடுகள் மறுபடி கண்மாய்க்குள் மேய்ந்தன. ஸ்ரீமதி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு திறந்திருந்தது. வேனில் பதினாலு பேர் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கடைசி வரை மெதுவாகப் பின்னுகிறவர்கள். மதியம் லேபிள் ஒட்ட ஆள் இல்லை.

புரட்டாசி பிறந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்தது. சண்முகவேல் ஒரு மத்தியானம் எட்டுப் பேரையும் கேட்டில் நிறுத்தினார்.

"இந்தச் சைக்கிள் விளையாட்டெல்லாம் இன்னையோட போதும். இரும்பு. உரசினாப் பொறி. பட்டாசுக் கம்பெனிக்கு ஆகாது."

வேப்பமரம் கேட்டிலிருந்து நூறடி தள்ளி இருந்தது. வெடி இருக்கிற அறை அதற்கு அப்பால் இன்னும் முந்நூறடி. ரோஜா அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னாள்.

"மரத்தடியில சும்மா நிக்கிற சைக்கிள்ல பொறி பறக்கும். நாலு பேர் அறையில ஏழு பேர் உக்காந்தாப் பறக்காதோ அண்ணாச்சி?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சண்முகவேலின் முகம் மாறியது. அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மாலைக்குள் இத்தனை பெட்டி முடியவேண்டும் என்று மேலே இருக்கிறவர்கள் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எட்டுப் பெண்களுக்கு முன்னால் இப்படிக் கேட்டால் அவருக்கும் இறங்கிவர வழியில்லாமல் போயிற்று.

"வாய் நீளுது. நாளையில இருந்து காலையில வேன்ல ஏறி வர்றவளுக்குத்தான் வேலை. சைக்கிள்ல வந்தா கேட்டுக்கு வெளிய நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போகலாம். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு. வேன்ல ஆள் கொறஞ்சா வேனும் கிடையாது, டிரைவரும் கிடையாது."

அன்று எட்டுப் பேரும் ஒன்றாக ஓட்டி வந்தார்கள். கண்மாய்க்கரைக்கு வந்ததும் இறங்கினார்கள். ஒருத்தி, சைக்கிளை வைத்துவிட்டு வேனிலேயே போய்விடலாம், சீசன் முடியட்டும் என்றாள். இன்னொருத்தி, வேறு கம்பெனி பார்க்கலாம் என்றாள். மாடத்தி மட்டும், "என் ஆட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீங்க போங்கடி வேன்ல" என்றாள். எல்லோரும் ரோஜாவைப் பார்த்தார்கள். அவளுக்கு அப்போது தோன்றியதெல்லாம் இவ்வளவுதான்: அந்த மத்தியானங்களைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சண்முகவேல் கொடுத்ததாக இருந்தால்தானே திருப்பிக் கொடுக்க.

ஆறு மணிக்கு அண்ணன் வேனை வீட்டு முன்னால் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். ரோஜா வந்து நின்றாள். வேனைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"அண்ணே, மேல கேரியர் எம்புட்டு எடை தாங்கும்?"

சங்கிலிமுத்து துணியைப் பிழிந்தார். பிழிந்து முடித்துவிட்டு, "எத்தனை சைக்கிள்?" என்றார்.

"எட்டு."

"ஒண்ணு பதினெட்டுக் கிலோன்னு வச்சாலும் நூத்தி நாப்பத்தி நாலு. தாங்கும். அடியில சாக்கு விரிக்கணும். இல்லன்னா பெயிண்ட் போயிரும்."

"உனக்கு வேலை போயிரும்ணே."

"பெயிண்ட் போச்சுன்னாத்தான் போகும்" என்றார். பிறகு உள்ளே போய், பெட்டிக் கட்டுகளுக்கு வைத்திருந்த கயிற்றை எடுத்துவந்து, எங்கேயாவது நைந்திருக்கிறதா என்று முழம் முழமாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் விடியும்போதே வேலை தொடங்கிவிட்டது. அன்பரசன் கீழிருந்து தூக்கிக் கொடுக்க, அவர் மேலே நின்று படுக்க வைத்தார். ஒன்றின் ஹேண்டில் இந்தப் பக்கம், அடுத்ததின் ஹேண்டில் அந்தப் பக்கம். பெடல்களுக்குத் துணி சுற்றினார். இரண்டு அடுக்கு முடிந்ததும் இறங்கிவந்து நாலு பக்கமும் கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஒரு முடிச்சு பிடிக்கவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார். தெருவில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு நின்றார்கள்.

"என்னலே சங்கிலி, சைக்கிள் கடை வைக்கப்போறியா?"

"ஆமா, உனக்கு ஒரு பெல்லு வேணுமா?"

ஆறு பத்துக்கு எட்டுப் பெண்களும் வேனில் ஏறினார்கள். மற்ற மூன்று ஊரிலும் ஏறியவர்கள் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு ஏறினார்கள். வேன் நிறைந்தது. வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் மேலே எட்டு மணிகளும் ஒன்றாகச் சிணுங்கின. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு ரோட்டுக்கு வந்தார்கள்.

கேட்டில் சண்முகவேல் நின்றிருந்தார். பெண்கள் ஒவ்வொருத்தராக இறங்குவதைப் பார்த்தார். எட்டுப் பேரும் இறங்கியதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பிறகுதான் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"என்னலே இது?"

"வேன்ல வரச் சொன்னீக. வந்திருக்காக" என்றார் சங்கிலிமுத்து.

"மேல என்ன?"

"அவுக சாமான். சோத்துச்சட்டி கொண்டு வர்றதில்லையா, அது மாதிரி."

"எறக்கக் கூடாது. ஒண்ணு கூட எறக்கக் கூடாது. அப்படியே மேலயே கெடக்கட்டும். சாயந்தரம் அப்படியே கொண்டு போ."

"சரி அண்ணாச்சி" என்றார் சங்கிலிமுத்து. வண்டியை ஆஃப் செய்தார். கீழே இறங்கி, கண்ணாடியில் பட்டிருந்த ஒரு பூச்சியை விரலால் சுரண்டினார். வண்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"ஏன் நிக்கே? பெட்டிக்குப் போகலயா? எட்டு மணிக்கு அச்சாபீஸ்ல ரெடியா இருப்பாகளே."

"எதுல ஏத்துறது? கேரியர்ல இடமில்லையே."

சண்முகவேல் மேலே பார்த்தார். உள்ளே பேக்கிங் ஷெட்டில் முந்தின நாளே பெட்டி தீர்ந்துபோயிருந்தது. பத்து மணிக்குள் காலிப்பெட்டி வரவில்லையென்றால் பேக்கிங் நிற்கும். பேக்கிங் நின்றால் சாயந்தரம் லோடு போகாது. அது யார் தலையில் விடியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. செல்லை மஞ்சப்பைக்குள் போட வந்தவர்கள் போடாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறக்கித் தொலைங்க" என்றார் சண்முகவேல்.

"எங்கன எறக்க அண்ணாச்சி?" என்று ரோஜா கேட்டாள்.

"எங்கன எறக்குவீக? அந்த மரத்தடியிலதான்."

ஒரு மணிக்கு எட்டுப் பேரும் செல்லை வாங்கிக்கொண்டு, மரத்தடியிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சாயந்தரம் வேன் பதினாலு பேரோடு திரும்பியது. மறுநாளும் கேரியரில் எட்டு சைக்கிள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒவ்வொரு நாளும் இறக்க இருபத்தைந்து நிமிடம். சங்கிலிமுத்து அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பார், கயிற்றைச் சுருட்டுவார், துணிகளை மடித்துச் சீட்டுக்கடியில் வைப்பார். பெட்டி வருவது தினமும் தாமதமாயிற்று. நாலாம் நாள் காலையில் சண்முகவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "நாளையில இருந்து ஓட்டிக்கிட்டே வந்து சேருங்க. இந்தக் கூத்து வேண்டாம்" என்றார்.

"வேன்ல ஆள் கொறையுமே அண்ணாச்சி" என்றாள் ரோஜா.

"கொறஞ்சாக் கொறையுது. உங்க அண்ணன நான் ஒண்ணும் பண்ணல. இந்தச் சீசன்ல டிரைவருக்கு நான் எங்க போவேன்? போம்மா உள்ள."

லேபிள் ஒட்டப் பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு மூன்று பேரை எடுத்தார்கள். மதியத்துக்கு மேலே அறையில் ஐந்தாவது ஆளாகப் போய் உட்காரச் சொன்னால் உட்காராத பெண்களும் வேனில் வருகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள் இப்போது. சுவரில் எழுதியிருப்பதைக் கைகாட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். எல்லோரும் அல்ல.

அந்த நாலாம் நாள் மதியம் கேட்டைத் தாண்டும்போது சண்முகவேல் ரோஜாவைக் கூப்பிட்டார். கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஏத்தா, இம்புட்டு அடம் பிடிச்சியே. நாலு மணி நேரத்துக்கு முன்னால போயி வீட்ல அப்படி என்னதான் செய்யப்போறே?"

ரோஜாவிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. பிள்ளையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அன்று செருப்பில்லாமல் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரும் தலையாட்டியிருப்பார், பாவம் என்றிருப்பார்.

"தூங்கப்போறேன் அண்ணாச்சி" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, பழையதைக் கரைத்துக் குடித்து, நடுவீட்டில் வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். கை விரல்களில் அலுமினியப் பொடி ஒட்டிப் பளபளத்தது, கழுவவில்லை. நாலு பத்துக்கு ஸ்ரீமதி பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, எந்திரி. பசிக்குது."

"சட்டியில இருக்கு, போட்டுத் தின்னு" என்று சொல்லிவிட்டு ரோஜா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.